சிறுநீரக மாற்றும் மாத்திரைச் செலவும்: பாலக்காடு, இடுக்கி எல்லையிலிருந்து ஒரு பார்வை

1971ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் மோகன் ராவும் கே.வி. ஜானியும் மேற்கொண்ட சிறுநீரக மாற்று அறுவை இந்தியாவின் முதல் வெற்றியாகக் குறிக்கப்படுகிறது. மருத்துவ வரலாறுகள் பெரும்பாலும் அறுவையரங்கோடு நின்றுவிடுகின்றன. நோயாளியின் செலவுக் கணக்கோ அங்கிருந்துதான் தொடங்குகிறது. உடன்பிறந்தாரே ஈந்த சிறுநீரகமாயினும் உடல் அதனை அயலெனவே கொண்டு தாக்கும். அத்தாக்குதலை அடக்கும் மருந்தை, அச்சிறுநீரகம் இயங்கும் காலம்வரை நாள் தவறாமல் உட்கொண்டாக வேண்டும்.

தொடக்கக் காலத்தில் அசதியோபிரின், பிரெட்னிசோலோன் ஆகிய இரண்டுமே துணை. இரண்டும் விலை குறைந்தவை. ஆனால் உறுப்பை இழந்தோர் பலர். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து சாண்டோஸ் நிறுவனம் பிரித்தெடுத்த சைக்ளோஸ்போரின், 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உறுப்பு நிலைக்கும் வாய்ப்பு உயர்ந்தது, செலவும் உயர்ந்தது. இந்திய மருத்துவர்கள் இதனை எதிர்கொண்ட விதம் தனியே எழுதத்தக்கது. ஓராண்டுக்குப்பின் சைக்ளோஸ்போரினை நிறுத்திப் பழைய மருந்துகளுக்கே திரும்பினர். சிலர் பூஞ்சைக்கொல்லி மருந்தான கீட்டோகோனசோலைச் சேர்த்துக் கொடுத்தனர். கல்லீரலில் சைக்ளோஸ்போரினைச் சிதைக்கும் நொதியை அது தடுப்பதால், விலையுயர்ந்த மருந்து மிகக் குறைந்த அளவிலேயே போதுமானதாயிற்று. பக்கவிளைவாகக் கருதப்படுவதையே சிக்கனத்துக்குப் பயன்படுத்திய மருத்துவம் இது.

விலை பின்னர் இறங்கியதற்கு 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் முதன்மைக் காரணம். அது மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்காமல் செய்முறைக்கு மட்டுமே வழங்கியது. ஜப்பானின் சுக்குபா மண்ணிலிருந்து 1984இல் கண்டறியப்பட்ட டாக்ரோலிமஸையும் பனேசியா பயோடெக் முதலிய இந்திய நிறுவனங்கள் தயாரிக்க முடிந்தது. 2005இல் பொருட்காப்புரிமை மீண்டபோதும், 1995க்கு முற்பட்ட இக்கண்டுபிடிப்பை அது தீண்டவில்லை. எனினும் மலிவு என்பது ஒப்பீடே. இரத்தத்தில் இம்மருந்தின் அளவு சற்றே குறைந்தால் உறுப்புக்கும், மிகுந்தால் அதே சிறுநீரகத்துக்கும் கேடு; அளவறியும் பரிசோதனைச் செலவும் தொடர்ந்து வரும்.

1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களின் தமிழர்கள் கேரளத்துள் அமைந்தனர். அன்று அவ்விவாதம் மொழி, நிலம், நீர் பற்றியது. மருத்துவ உதவி மாநிலந்தோறும் வேறுபட்டதாகும் என்பது எத்தரப்பின் வாதத்திலும் பெரிதாக இடம்பெறவில்லை. இன்று தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மாற்று அறுவையோடு அதன்பின் உட்கொள்ளும் மருந்துக்கும் வழியுண்டு. ஆனால் அதற்குப் பொதுவாகத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வேண்டும். கேரளத்தின் ‘சமாஸ்வாசம்’ திட்டம் மாற்று அறுவை செய்துகொண்ட ஏழைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது, ஐந்தாண்டுகளுக்கு. உடலின் தாக்குதலை அடக்கும் மருந்துக்கு அவ்வரம்பு இல்லை. உதவி முடியும் ஆறாம் ஆண்டில் வேளையைக் குறைத்து உட்கொள்ள முற்படுவோருக்கு, நலமாக இயங்கிவந்த சிறுநீரகமே பறிபோகக்கூடும். பின் மீண்டும் டயாலிசிஸ்.

கேரளம் 2011இல் தொடங்கிய காருண்யா லாட்டரியின் வருவாய், சிறுநீரக நோயாளிகள் உள்ளிட்டோர்க்கான உதவி நிதிக்குச் சென்றது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. ஆகவே வாளையாறு, கோவிந்தாபுரம், வேலந்தாவளம் கடைகளில் சீட்டு வாங்குவோருள் எல்லை கடந்து வருவோரும் உளர். பணம் கடக்கும் எல்லையை உதவி கடப்பதில்லை.

மூணாறு, பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை வேலையோடு பிணைத்தது. வேலை ஓய்ந்தால் லயத்து வீடும் போகும். போடிமெட்டு வழியே தேனி மாவட்டத்துக்குக் குடிபெயரும் முதியவர், கேரள அட்டையை ஒப்படைத்துத் தமிழ்நாட்டு அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியிலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கொருமுறை மாத்திரை உண்டு.