ராலி நகரின் டிக்ஸி கிளாசிக்: ஒரு விடுமுறைக்காலக் கூடைப்பந்துப் போட்டியின் வரலாறு (1949–1960)

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தலைநகர் ராலியில், 1949 முதல் 1960 வரை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மூன்று நாள் நடந்த கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி டிக்ஸி கிளாசிக். அந்நகரின் மாநிலக் கல்லூரியான என்.சி. ஸ்டேட் தன் சொந்த அரங்கில் இதை நடத்தியது. விடுமுறையில் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி நடத்துவது அன்று புதுமையல்ல. ஓக்லஹோமா நகரில் 1936 முதலே அப்படியொரு போட்டி இருந்தது. ராலியின் தனித்தன்மை அதன் ஆட்ட அமைப்பிலும் அரங்கிலும் இருந்தது.

அரங்கின் கதை போட்டிக்கு முந்தியது. 1940களின் தொடக்கத்தில் ஆரம்பித்த கட்டுமானம் உலகப்போரால் தடைபட, இரும்புச் சட்டகம் மட்டும் சில ஆண்டுகள் வெட்டவெளியில் நின்றது. 1946இல் எவரெட் கேஸ் பயிற்சியாளராக வந்தார். இந்தியானா மாநிலத்தின் ஃபிராங்ஃபர்ட் உயர்நிலைப் பள்ளிக்கு நான்கு முறை மாநிலக் கோப்பை வென்று தந்தவர் அவர். நின்றுபோன திட்டத்தை அவர் மேலும் பெரிதாக்கச் செய்தார். புகையிலைத் தொழிலதிபர் வில்லியம் நீல் ரெனால்ட்ஸின் பெயரைத் தாங்கிய அரங்கம் 1949 டிசம்பரில் 12,400 இருக்கைகளுடன் திறக்கப்பட்டது. அரங்கை நீளவாக்கில் இழுத்துக் கட்டியதால், இரு முனைகளிலும் இருந்த இருக்கைகளுக்கும் களத்துக்கும் வெகுதூரம். அந்தக் குறையைக் கேஸ் பொருட்படுத்தவில்லை. அவருக்குக் கூட்டம் வேண்டும். மாணவர்கள் ஊருக்குப் போய்விடும் கிறிஸ்துமஸ் வாரத்தில் இத்தனை இருக்கைகளை நிரப்ப வேண்டுமானால், நகரமும் சுற்றுவட்டாரமும்தான் வரவேண்டும். டிக்ஸி கிளாசிக் அதற்கான வழியாயிற்று. உள்ளூர் நாளிதழின் விளையாட்டு ஆசிரியர் டிக் ஹெர்பர்ட்டுக்கும் துணைப் பயிற்சியாளர் பட்டர் ஆண்டர்சனுக்கும் இதன் உருவாக்கத்தில் பங்குண்டு.

அமைப்பு எளிமையானது. என்.சி. ஸ்டேட், வட கரோலினா பல்கலைக்கழகம் (இனி வட கரோலினா), டியூக், வேக் ஃபாரஸ்ட் ஆகிய நான்கு உள்ளூர் அணிகள். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட நான்கு அணிகள். முதல் நாள் ஒவ்வோர் உள்ளூர் அணியும் ஒரு விருந்தினர் அணியைச் சந்திக்கும். தோற்றவர்களும் வீடு திரும்பாமல் தொடர்ந்து ஆடுவார்கள். ஆக அணிக்கு மூன்று ஆட்டம், மொத்தம் 12. முதல் நாளே தோற்றாலும் தன் அணியை மறுநாளும் பார்க்கலாம் என்ற உறுதியே ரசிகர்களைப் பிடித்து வைத்தது என்று சொல்லலாம். வேக் ஃபாரஸ்ட் கல்லூரி 1956இல் வின்ஸ்டன்-சேலத்துக்கு இடம்பெயரும்வரை நான்கு கல்லூரிகளும் ராலியிலிருந்து எளிதில் சென்றுவரும் தொலைவிலேயே இருந்தன. இந்த அண்டைவீட்டுப் பகை போட்டிக்குச் சூடேற்றியது.

கேஸ் கூட்டத்தைக் கவரத் தெரிந்த வித்தைக்காரரும்கூட. வீரர்களை அறிமுகப்படுத்தும்போது விளக்குகளை அணைத்து ஒளிவட்டம் பாய்ச்சினார். கூரையிலிருந்து தொங்கிய ‘இரைச்சல்மானி’யில் கூட்டத்தின் சத்தம் ஏற ஏற விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக எரியும். உண்மையில் அதை இயக்கியது ஒரு மனிதரின் கை.

விருந்தினர் அணி ஒன்றுகூடக் கோப்பையைத் தூக்கவில்லை. 12 கோப்பைகளில் என்.சி. ஸ்டேட் ஏழு, வட கரோலினா மூன்று, டியூக்கும் வேக் ஃபாரஸ்ட்டும் ஒவ்வொன்று. முதல் நான்கும் தொடர்ச்சியாகக் கேஸின் அணிக்கே. 1956இல் வென்ற வட கரோலினா, அந்தப் பருவத்தில் ஆடிய 32 ஆட்டங்களிலும் தோல்வி காணாமல் தேசிய வாகையரானது.

உச்சம் 1958. ஆஸ்கர் ராபர்ட்சன் ஆடிய சின்சினாட்டி, ஜானி கிரீன் ஆடிய மிச்சிகன் ஸ்டேட் இரண்டும் வந்தன. இரண்டையும் வீழ்த்தி என்.சி. ஸ்டேட் கோப்பை பெற்றது. ஆனால் அந்த ஆண்டை வெற்றிக்கணக்கோடு மட்டும் எழுதுவது அரைகுறை வரலாறு. நிறப் பாகுபாடு சட்டமாக இருந்த ராலியில் கறுப்பின வீரர்களை வெள்ளையர் விடுதிகள் ஏற்கவில்லை. சின்சினாட்டி அணி கல்லூரி வளாகத்து மாணவர் சங்க வீடொன்றில் தங்கியது. பார்வையாளர் வரிசையிலிருந்து ராபர்ட்சன் இனவசையை எதிர்கொண்டார்.

முடிவு வெளியிலிருந்து வந்தது. ஓர் அணி எத்தனை புள்ளியில் வெல்லும் என்று சூதாட்டக்காரர்கள் முன்கூட்டியே கணித்துப் பந்தயம் கட்டுவார்கள். ஆட்டத்தில் தோற்க வேண்டாம், கணித்ததைவிடக் குறைந்த வித்தியாசத்தில் வென்றால் போதும் என்று வீரர்களுக்குப் பணம் கொடுப்பார்கள். 1960–61 பருவத்தில் தம் வீரர்கள்மீது ஐயம் கொண்ட கேஸ், மாநிலப் புலனாய்வுத் துறையைத் தாமே நாடினார். 1961 மே மாதம் என்.சி. ஸ்டேட் வீரர்கள் சிலர்மீது வழக்குப் பாய்ந்தது. ஊழலின் நிழல் வட கரோலினாவையும் தொட்டது. இரு வளாகங்களையும் உள்ளடக்கிய பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ஃபிரைடே அதே மாதம் டிக்ஸி கிளாசிக்கை நிறுத்தினார். பருவ ஆட்டங்களைக் குறைத்தார். வெளிமாநில வீரர்களுக்கான உதவித்தொகைக்கும் கடும் வரம்பு வைத்தார்.

தவறு செய்தவர்கள் சில வீரர்கள். தண்டனை ஒரு போட்டிக்கு என்று ரசிகர்கள் குமுறினர். ஆனால் ஃபிரைடேயின் கணக்கு வேறு: கல்லூரி விளையாட்டு கல்லூரியின் கையை விட்டுப் பொதுக் கேளிக்கையாகிவிட்டதன் அடையாளமாக அவர் இப்போட்டியைக் கண்டார். அந்த மதிப்பீட்டை மறுப்பது கடினம். கேஸ் முதல்நாளிலிருந்தே விரும்பியதும் பொதுக் கேளிக்கையைத்தான்.

1961 கோடையில் பயிற்சியாளர் ஃபிராங்க் மெக்குவயர் வட கரோலினா அணியை விட்டு விலக, 30 வயது டீன் ஸ்மித் பொறுப்பேற்றார். கேஸ் உடல்நலம் குன்றி 1964 டிசம்பரில் ஓய்வுபெற்று 1966இல் காலமானார். 1970களில் அதே நான்கு அணிகள் கிரீன்ஸ்பரோ நகரில் தமக்குள் ஒரு தொடர் ஆடின. அதில் விருந்தினர் அணிகளுக்கு இடமில்லை. ரெனால்ட்ஸ் அரங்கம் 1999வரை என்.சி. ஸ்டேட் ஆண்கள் அணியின் சொந்தக் களமாக நீடித்தது. டிக்ஸி கிளாசிக் அங்கே மறுபடி நடக்கவில்லை.