காலாங் அரங்கம் அண்ணாந்து பார்த்த யாழ்ப்பாண வீராங்கனை

இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 2.08 மீட்டர், ஏறத்தாழ ஆறு அடி பத்து அங்குலம். உலகின் மிக உயரமான வலைப்பந்து வீராங்கனை என்று அறியப்படுபவர் அவர். யாழ்ப்பாண மாவட்டத்தின் புன்னாலைக்கட்டுவன் பகுதியைச் சேர்ந்த இந்தத் தமிழ்ப் பெண்ணின் விளையாட்டு வாழ்க்கையில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. 2011, 2018, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் லிட்டில் இந்தியாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள காலாங் வட்டாரத்தில்தான் அவர் தமது முக்கியமான ஆட்டங்களை ஆடினார். அவற்றில் இரண்டு முறை, இறுதிச் சுற்றில் எதிரணியாக நின்றது சிங்கப்பூர்.

கூடைப்பந்தின் உடன்பிறப்பு

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் வலைப்பந்தை இணைப்பாட நடவடிக்கையாகத் தேர்ந்தெடுக்கும் மாணவிகள் ஏராளம். வீவக பேட்டைகளில் வளர்ந்த பல தமிழ்ப் பெண்களுக்கும் இது பழகிய ஆட்டம். ஆனால், இது கூடைப்பந்திலிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1891ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய கூடைப்பந்து அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரிகளுக்கு வந்தபோது, விதிகள் மாற்றப்பட்டுப் புதிய ஆட்டமாக உருவெடுத்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை இதைப் பெண்கள் கூடைப்பந்து என்றே அழைத்துவந்தார்கள்.

இரண்டு ஆட்டங்களிலும் வளையத்தின் உயரம் ஒன்றுதான்: 3.05 மீட்டர். வலைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பந்தைப் பிடித்த மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். அணிக்கு ஏழு பேர் ஆடினாலும், அவர்களில் இருவர் மட்டுமே கோல் போடலாம்; அதுவும் அரைவட்டத்துக்குள் நின்றுதான் போட வேண்டும். பந்து வைத்திருப்பவரிடமிருந்து தடுப்பவர் குறைந்தது 0.9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். உயரமான ஒருவர் வளையத்தின் அருகில் பந்தைப் பிடித்துவிட்டால், அவரைத் தடுப்பது மிகக் கடினம்.

கேலி செய்யப்பட்ட உயரம்

அந்த உயரம் தர்ஜினிக்கு முதலில் வரமாக இருக்கவில்லை. சிறு வயதில் உயரத்தைச் சொல்லிப் பலர் கேலி செய்ததை அவர் பேட்டிகளில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். 1979ல் பிறந்த அவருடைய பள்ளிப் பருவம் உள்நாட்டுப் போரில் கழிந்தது. மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு படித்தார். தெருவில் போவோர் திரும்பிப் பார்த்த அதே உயரம் வலைப்பந்துத் திடலில் அவருக்கு ஒரு நிலையான இடத்தைத் தந்தது. இலங்கையில் வலைப்பந்து வீராங்கனைகளுக்கு வங்கிகளும் நிறுவனங்களும் வேலை கொடுத்துத் தங்கள் அணிகளில் ஆட வைப்பது வழக்கம். தர்ஜினியும் செலான் வங்கிக்காக ஆடியவர்.

தேசிய அணியில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிங்களப் பெண்கள். 2009 மே மாதம் போர் முடிந்தது. அதே ஆண்டு மலேசியாவில் நடைபெற்ற ஆசிய வெற்றியாளர் போட்டியில் இலங்கை கிண்ணம் வென்றபோது, அந்த அணியின் கோல் எறியும் வீராங்கனையாக இருந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்.

2011: உலகின் கவனம்

2011 ஜூலையில் உலக வெற்றியாளர் போட்டி சிங்கப்பூர் உள்ளரங்கு விளையாட்டரங்கத்தில் நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா கூடுதல் நேரத்தில் 58-57 என்ற கணக்கில் நியூசிலாந்தை வீழ்த்தியது. இலங்கை முன்னணி இடங்களுக்கு அருகில்கூட வரவில்லை. ஆனாலும், போட்டியின் சிறந்த கோல் எறிபவராகத் தேர்வானவர் தர்ஜினி. வலைப்பந்தில் ஆக வலுவான நாடுகள் அவரைக் கவனித்தது அப்போதுதான்.

பின்னர் அவர் மெல்பர்ன் சென்று, விக்டோரியா மாநில லீக்கில் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் குழுவுக்காக ஆடினார். இலங்கையிலிருந்து வெளிநாட்டு லீக்குக்குச் சென்ற முன்னோடி வீராங்கனைகளில் ஒருவரானார்.

2018: காலாங்கில் மீண்டும்

2012லும் 2014லும் ஆசியக் கிண்ணத்தைச் சிங்கப்பூர் வென்றது. 2016ல் மலேசியா வென்றது. 2009க்குப் பிறகு கிண்ணம் இல்லாமல் தவித்த இலங்கை அணிக்கு, சில ஆண்டு இடைவெளிக்குப் பின் தர்ஜினி 2018ல் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 39.

அந்த அணியின் பயிற்றுவிப்பாளர் திலகா ஜினதாச. அவரும் முன்னாள் தேசிய வீராங்கனை. ஓர் உயரமான வீராங்கனையை நம்பும் அணிக்கு ஒரு சிக்கல் உண்டு. எதிரணி அவரைத் தடுக்க முயலாது; அவருக்குப் பந்து போகும் வழியைத்தான் அடைக்கும். அரைவட்டத்தின் விளிம்பில் நிற்கும் நடுத்திடல் வீராங்கனைகள் தடுப்பவர்களின் கைகளுக்கு மேலே, சரியான உயரத்தில், சரியான நொடியில் பந்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அந்த எறிதல் ஒரு சாண் தாழ்ந்தாலும் 2.08 மீட்டர் உயரத்தால் பயனில்லை. தர்ஜினியின் கோல் எண்ணிக்கைக்குப் பின்னால், ஆட்ட அறிக்கையில் பெயர் வராத பலருடைய உழைப்பு இருக்கிறது.

செப்டம்பர் மாதம் ஓசிபிசி அரங்கத்தில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் இலங்கை 69-50 என்ற கணக்கில் சிங்கப்பூரை வென்றது. அது இலங்கையின் ஐந்தாவது ஆசியக் கிண்ணம். சொந்த மண்ணில் ஆடிய சிங்கப்பூர் அணிக்கு அது கசப்பான தோல்வி.

நாற்பது வயதில் உலக முதலிடம்

மறு ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. 16 அணிகளில் இலங்கை 15வது இடத்தையே பிடித்தது. ஆனால், போட்டியில் ஆக அதிக கோல் போட்டவர் 40 வயது தர்ஜினி. மொத்தம் 348 கோல்கள். அங்கும் இலங்கை எதிர்கொண்ட அணிகளில் சிங்கப்பூர் ஒன்று. அந்த ஆட்டத்தில் இலங்கை 88-50 என வென்றது.

2022 செப்டம்பரில் ஆசியப் போட்டி மறுபடியும் சிங்கப்பூருக்கு வந்தது. இறுதி ஆட்டத்தில் மீண்டும் அதே இரு அணிகள். 63-53 என்ற கணக்கில் வென்று இலங்கை ஆறாவது முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 43 வயதான தர்ஜினி அந்த அணியிலும் இருந்தார். அவருடன் ஆடியவர்களில் பலர், அவர் தேசிய அணியில் ஆடத் தொடங்கிய காலத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள்.

தொடரும் போட்டி

2024ல் பெங்களூரில் நடைபெற்ற ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூர் 67-64 என இலங்கையை வீழ்த்தி, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணத்தை மீட்டது. இலங்கைக்குத் தர்ஜினி போல் இன்னொருவர் எளிதில் கிடைக்கமாட்டார். சிங்கப்பூரோ அப்படி ஒருவரை நம்பி என்றுமே ஆடியதில்லை. வேகமும் துல்லியமான எறிதலும்தான் அதன் பலம்.

உயரமாக வளரும் பெண் பிள்ளையைப் பார்த்து, "இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது?" என்று கேட்கும் உறவினர்கள் யாழ்ப்பாணத்தில் மட்டும் இல்லை, சிங்கப்பூர்க் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். கூச்சத்தில் முதுகைக் கூனிக்கொண்டு நடக்கும் அந்தப் பிள்ளை பள்ளியின் வலைப்பந்துத் திடலுக்குப் போனால், பயிற்றுவிப்பாளர் முதலில் சொல்வது நிமிர்ந்து நில் என்பதுதான். தர்ஜினி அப்படி நிமிர்ந்து நின்ற இடங்களில் ஒன்று காலாங்.