அட்டிற்புகையும் காலதரும்

தாம்பரத்துக்குத் தென்மேற்கே, வண்டலூர் – வாலாசாபாத் சாலையில் அமைந்த ஊர் படப்பை. சங்க நூல்களில் அச்சொல் மனையை அடுத்த கொல்லையையும் தோட்டத்தையும் குறிக்கும். வீட்டுக்கு வெளியே காற்றாடும் இடத்துக்கு ஒரு சொல் வழங்கியது போலவே, அக்காற்று வீட்டுக்குள் நுழையும் வழிக்கும் ஒரு சொல் வழங்கியது. சன்னலைச் சிலப்பதிகாரம் காலதர் என்கிறது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றின் பொருட்டே சுவர் திறக்கப்பட்டது என்பதற்கு அச்சொல்லே சான்று.

சமையலறைக்கு அட்டில் என்று பெயர். அங்கே எழுந்த புகைக்குப் பழைய சாட்சி குறுந்தொகையின் 167-ஆம் பாடல். கூடலூர் கிழார் பாடிய அப்பாடலில், புதுமனைவி தன் கையாலேயே சமைக்கிறாள். தாளிப்பின் புகை அவள் மையுண்ட கண்களை நிறைக்கிறது. கணவன் சுவைத்து உண்கிறான். அவள் முகம் மலர்கிறது. புகையைப் பற்றிப் பின்னர் எவரும் பேசவில்லை. அம்மௌனம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் நீடித்தது.

வீட்டுக் காற்றின் மீது மருத்துவ உலகின் ஐயம் விழுந்தது காசநோயின் வாயிலாகவே. மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில் தூய காற்றும், ஓய்வும், ஊட்டமான உணவுமே சிகிச்சையாயின. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் இத்தகைய காசநோய் நிலையம் ஒன்றை நடத்தியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. கணித மேதை இராமானுஜன் நோயுற்றபோது சிலகாலம் தங்கியதும் அங்கேதான். அம்மருத்துவர் தாயகம் திரும்பி, 1928-இல் தாம்பரத்தில் ஒரு காசநோய் நிலையத்தைத் தொடங்கினார். பின்னர் அதனை அரசு ஏற்றது. தாம்பரம் சானடோரியம் என்ற இரயில் நிலையத்தின் பெயர் அவ்வரலாற்றை இன்றும் சுமந்து நிற்கிறது. நோயாளியை இருண்ட, நெருக்கமான வீட்டிலிருந்து பிரித்து வெட்டவெளிக் காற்றில் கிடத்துவதே அந்நிலையங்களின் அடிப்படைக் கொள்கை. வீடு குற்றவாளிக் கூண்டில் நின்றது.

அக்குற்றச்சாட்டை ஆய்ந்து பார்த்ததும் சென்னை நகரமே. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகள் 193 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்லுணவுடனும் ஓய்வுடனும் இருந்தனர். மற்றவர் நகரின் ஏழ்மையான, நெரிசல் மிகுந்த வீடுகளிலேயே தங்கினர். இரு சாராருக்கும் ஒரே மருந்துகள் ஓராண்டு அளிக்கப்பட்டன. 1959-இல் வெளியான முடிவு உலகை வியக்கவைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தனர். உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை எனப் பிந்தைய கண்காணிப்பு காட்டியது. காசநோயாளிகளை வீட்டிலிருந்து பிரிக்கும் வழக்கம் உலகெங்கும் தளர இச்சோதனை வழிவகுத்தது.

வீடு இவ்வாறு விடுதலை பெற்றது. எனினும் அது ஒரு வழக்கில் கிடைத்த விடுதலையே. மற்றொரு வழக்கு அடுப்பங்கரையில் விசாரிக்கப்படாமலே கிடந்தது. சானடோரியத்துக்குச் சென்றவர்க்குப் பதிவேடு இருந்தது. ஊதாங்குழலோடு அடுப்பின் முன் குனிந்து, விறகும் வரட்டியும் எரித்து, இருமலோடு வாழ்ந்த பெண்ணுக்குப் பதிவேடு இல்லை. அவளுடைய கண்ணீர் சமையலின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டது.

அப்புகையை அளந்தவர்களுள் போரூர் இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். தமிழ்நாட்டு ஊரக வீடுகளில் அவர்கள் நடத்திய ஆய்வு 2002-இல் வெளியாயிற்று. விறகு முதலியன எரியும் வீடுகளில், சமைக்கும் நேரத்தில், ஒரு கனமீட்டர் காற்றில் மூச்சோடு உட்செல்லும் நுண்துகள் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. அவ்வீடுகளில் சமைப்பவர் நாள் முழுவதும் சுவாசித்த காற்றின் சராசரி 231, சமைக்காதவர்க்கு 90, புகையற்ற எரிபொருள் வீடுகளில் 82. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் காற்று இருவருக்கும் ஒன்றாக இல்லை என்பதே இவ்வெண்கள் உரைக்கும் செய்தி. குழந்தைகளின் நிமோனியா, பெரியோரின் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, கண்புரை ஆகியவற்றோடு இப்புகைக்குத் தொடர்புண்டு.

தீர்வுகளும் முயலப்பட்டன. 1980-களில் நடுவண் அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தை நாடெங்கும் நடத்தியது. விரிசல் கண்ட மண்ணடுப்பும் கரியடைத்த புகைபோக்கியும் சில ஆண்டுகளிலேயே பல வீடுகளைப் பழைய நிலைக்குத் திருப்பின. தமிழக அரசு 2007-இல் இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது. 2016-இல் நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. அடுப்பு வந்த வீடுகளிலும், அடுத்த உருளைக்குப் பணம் இல்லாத வாரங்களில் விறகு மீண்டும் எரிவதுண்டு.

இன்று தாம்பரம் முதல் ஒரகடம் வரை அடுக்குமாடிகள் எழுகின்றன. கொசுவுக்கும் தூசிக்கும் அஞ்சிச் சாளரங்கள் மூடப்படுகின்றன. உள்ளே கொசுவத்தி எரிகிறது. காலதர் கண்ணாடியாகிவிட்டது, அட்டில் இன்னும் புகைகிறது.

கூடலூர் கிழார் தலைவியின் மலர்ந்த முகத்தோடு அவள் கண்ணிற் படிந்த புகையையும் கண்டு பாடினார். வரலாறு அம்முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு, புகையை மறந்தது. அட்டிலைப் பாடவரும் கவிஞர் இனி அப்பாடலை முழுமையாகப் படித்தல் வேண்டும்.