ஜே.சி.டேனியல்: ஒரே ஒரு கதைப்படம் எடுத்த இயக்குநர், இரண்டு மாநிலங்களுக்கு நடுவே தொலைந்தது எப்படி?

மலையாள சினிமாவில் வாழ்நாள் சாதனைக்காகக் கேரள அரசு கொடுக்கும் உச்ச விருதின் பெயர் ஜே.சி.டேனியல் விருது. 1992-ல் தொடங்கிய இந்த விருதுக்கு இப்போது 5 லட்சம் ரூபாய் பரிசுத்தொகை. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருந்தபோது, நலிந்த கலைஞர்களுக்கான ஓய்வூதியம் கேட்டு இதே கேரள அரசிடம் விண்ணப்பித்தார். நீங்கள் பிறந்ததும் வசிப்பதும் தமிழ்நாட்டில், எனவே அந்த அரசிடம் கேளுங்கள் என்று பதில் வந்தது.

ஒரே மனிதர், ஒரே அரசு. உயிரோடு இருந்தபோது 'வெளியூர்க்காரர்', இறந்த பிறகு 'மலையாள சினிமாவின் தந்தை'. நடுவில் என்ன நடந்தது? பாலக்காட்டிலோ இடுக்கியிலோ குடும்பம் இருக்கிற தமிழர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் கூடுதலாகவே புரியும். ஏன் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

யார் இந்த டேனியல்?

முழுப்பெயர் ஜோசப் செல்லையா டேனியல். சொந்த ஊர் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கும் அகஸ்தீஸ்வரம். வசதியான நாடார் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா டாக்டர். அப்போது அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அதனால் படிப்பு, தொழில், கனவு எல்லாவற்றுக்கும் அவர் போன தலைநகரம் திருவனந்தபுரம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டேனியலுக்கு முதல் காதல் சினிமா இல்லை, தற்காப்புக் கலை. வாள்வீச்சு பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அந்தக் கலையை நாலு பேருக்குக் கொண்டுபோக சினிமாதான் சரியான வழி என்று தோன்ற, அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளக் கிளம்பினார். முதலில் சென்னை, அங்கே சரிப்படவில்லை. அடுத்து மும்பை. கேரளத்தில் மாணவர்களுக்கு சினிமா பற்றிப் பாடம் எடுக்கும் ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டு அங்கே ஸ்டூடியோக்களுக்குள் நுழைந்து வேலையைப் பார்த்துப் பழகினார் என்கின்றன அவருடைய வாழ்க்கை வரலாறுகள்.

கம்பெனி எப்படி உருவானது?

ஊர் திரும்பியதும் சொத்தை விற்றுப் பணம் திரட்டினார். 1926-ல் திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில் 'தி திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' தொடங்கப்பட்டது. கேரளத்தின் முதல் சினிமா ஸ்டூடியோ இதுதான்.

அங்கே எடுத்த படம் 'விகதகுமாரன்', அதாவது 'தொலைந்துபோன பிள்ளை'. தயாரிப்பு, இயக்கம், கதை, கேமரா, எடிட்டிங், ஹீரோ எல்லாமே டேனியல்தான். இன்றைக்கு நாம் 'ஒன் மேன் ஷோ' என்று சொல்வோமே, அதேதான். அப்போது அவரைச் சுற்றி வேலை தெரிந்த ஆட்கள் இல்லை, அதனால் வேறு வழியும் இல்லை.

படத்தின் கதை என்ன?

திருவிதாங்கூரில் ஒரு பணக்கார வீட்டுப் பையன் சந்திரகுமார். வில்லன் பூதநாதன் அவனைச் சிறுவயதிலேயே இலங்கைக்குக் கடத்திப் போகிறான். பையன் அங்கே ஒரு எஸ்டேட்டில் தொழிலாளியாக வளர்கிறான். பல வருஷம் கழித்து, தூரத்து உறவினன் ஜெயச்சந்திரன் (டேனியல்) இலங்கை வருகிறான். இருவரும் நண்பர்களாகி ஊர் திரும்புகிறார்கள். சந்திரகுமாரின் தங்கை சரோஜினிக்கும் ஜெயச்சந்திரனுக்கும் காதல். கடைசியில் முதுகில் இருக்கும் தழும்பை வைத்துப் பிள்ளையை அடையாளம் கண்டுகொள்கிறது குடும்பம்.

இந்தியாவில் புராணக் கதைகளே பெரும்பாலும் படமாகிக்கொண்டிருந்த காலம் அது. சாமி வேஷம் இல்லாமல், எஸ்டேட்டும் கடத்தலும் காதலுமாக சமகாலக் கதை ஒன்றை எடுத்தது சாதாரண முடிவு இல்லை. தென் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கங்காணிகள் மூலம் இலங்கைக்கும் மூணாறுக்கும் பீர்மேட்டுக்கும் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலமும் அதுவே.

ரோசிக்கு என்ன நடந்தது?

சரோஜினி வேடத்துக்கு முதலில் மும்பையிலிருந்து ஒரு நடிகையைக் கூட்டி வந்தார் டேனியல். அது ஒத்துவரவில்லை. பிறகு கிடைத்தவர் பி.கே.ரோசி. புலையர் சமூகத்துப் பெண், கூலி வேலை பார்த்தவர், தமிழும் மலையாளமும் கலந்து நடத்தப்படும் காக்காரிசி நாடகத்தில் நடித்தவர்.

படத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்டது நாயர் பெண் வேடம். பிரச்னை அங்கேதான் வெடித்தது. திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டரில் முதல் காட்சி. தொடங்கி வைக்க வந்தவர் பிரபல வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. ரோசி உள்ளே இருந்தால் தொடங்கி வைக்க முடியாது என்று சொல்லப்பட்டது, படத்தின் ஹீரோயின் வெளியே காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு தலித் பெண் திரையில் மேல்சாதிப் பெண்ணாக வருவதையும், ஹீரோ அவர் கூந்தல் பூவை முத்தமிடுவதையும் பார்த்த கூட்டம் திரையைக் கல்லால் அடித்துக் கிழித்தது. ரோசியின் குடிசைக்கும் தீ வைக்கப்பட்டது.

ரோசி ஒரு லாரியில் ஏறித் தப்பித்து நாகர்கோவில் பக்கம் வந்து சேர்ந்தார். அந்த லாரி டிரைவரையே திருமணம் செய்துகொண்டு, ராஜம்மாள் என்ற பெயரில் தமிழ்ப் பெண்ணாக வாழ்ந்து முடித்தார். அதன் பிறகு அவர் நடிக்கவே இல்லை. தான் நடித்த படத்தை அவர் முழுதாகப் பார்க்கவும் இல்லை.

படம் வந்தது எந்த வருஷம்?

இரண்டு தேதிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய புத்தகங்களில் 1928 நவம்பர் 7. பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொல்வது 1930 அக்டோபர் 23. இந்தப் படம் பற்றி எதைப் படித்தாலும் இந்த முரண் கண்ணில் படும், குழம்ப வேண்டாம். 1930-ஐ எடுத்துக்கொண்டாலும், திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வருவதற்கு (1936) ஆறு வருஷம் முன்னால் நடந்த கதை இது. கோயிலுக்குள் விடாத சமூகம், திரைக்குள் மட்டும் விட்டுவிடுமா?

ஆலப்புழை உள்ளிட்ட வேறு ஊர்களிலும் படம் ஓடியது. ஆலப்புழையில் வரவேற்பு பரவாயில்லை. ஆனால் போட்ட பணம் திரும்பவில்லை. கருவிகளை விற்று, ஸ்டூடியோவை மூடினார் டேனியல். பிறகு தமிழ்நாட்டில் பல் மருத்துவராகத் தொழில் பார்த்தார். இயக்குநராக அவருடைய கரியர் அவ்ளோதான்.

படச்சுருள்? அது என்னவென்று தெரியாத வயதில், தீயில் போட்டால் எரியும் விதம் பிடித்துப்போய் விளையாட்டாக எரித்துவிட்டதாக அவருடைய மகனே பின்னாளில் சொன்னார். பிரதி எதுவும் மிஞ்சவில்லை. 'தொலைந்துபோன பிள்ளை' படமே தொலைந்துபோனது.

சரி, டேனியல் எப்போது 'தமிழ்நாட்டுக்காரர்' ஆனார்?

இங்கேதான் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது மூன்று பகுதிகளுக்கு மூன்று விதமான விதி:

• அகஸ்தீஸ்வரம்: அதற்கு முந்தைய நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சி. அன்று முதல் சென்னை மாநிலம், பின்னாளில் தமிழ்நாடு. தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் கூடவே வந்தன.

• பாலக்காடு: அதற்கு முந்தைய நாள் வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டம். அன்று முதல் கேரளம். பக்கத்திலிருக்கும் சித்தூர், முன்பு கொச்சி சமஸ்தானத்தில் இருந்த பகுதி.

• தேவிகுளம், பீர்மேடு: திருவிதாங்கூரில் இருந்தவை, கேரளத்திலேயே தொடர்ந்தன. 1972-ல் உருவான இடுக்கி மாவட்டத்தில் இப்போது இருக்கின்றன.

குமரியோடு தேவிகுளம், பீர்மேட்டையும் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டது நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். 1954 ஆகஸ்ட் 11-ல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிர்களும் போயின. குமரி வந்தது, மலை வரவில்லை.

டேனியல் படம் எடுத்தபோது அவர் ஊரும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்ஜியம். கோடு விழுந்தது சுமார் கால் நூற்றாண்டு கழித்து. சிம்பிளா சொன்னா, அவர் எல்லை தாண்டிப் போகவில்லை, எல்லைதான் அவரைத் தாண்டிப் போனது. ஓய்வூதிய ஃபைலைப் பார்த்தவர்களுக்குக் கண்ணில் பட்டது இப்போதைய முகவரி மட்டுமே.

பேசாத படத்துக்கு மொழி ஏது?

இன்னொரு முரணும் இருக்கிறது. மௌனப் படத்தில் வசனமே கிடையாது. அப்புறம் எப்படி அது 'முதல் மலையாளப் படம்'? எடுத்த இடமும் கதை நடக்கும் நிலமும்தான் அந்தப் பட்டத்துக்குக் காரணம். அப்படிப் பார்த்தால், மலையாள சினிமாவின் தொடக்க வருஷங்களில் தமிழ் நிலத்து மனிதர்கள் எங்கும் இருக்கிறார்கள். இரண்டாவது மௌனப் படமான 'மார்த்தாண்ட வர்மா'வை (1933) தயாரித்தவர், டேனியலின் உறவினரான ஆர்.சுந்தர்ராஜ். பி.வி.ராவ் இயக்கிய அந்தப் படம், நாவலின் பதிப்பாளர் போட்ட காப்புரிமை வழக்கில் சிக்கி முடங்கியது. வழக்கால் பறிமுதலானதாலேயே பிரதி பிழைத்து, இப்போது புனே தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938), சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் தயாரித்தது.

ஆனால் தமிழ் சினிமா வரலாற்றைச் சொல்லும்போது நடராஜ முதலியார், ராஜா சாண்டோ என்று போகிறோமே தவிர, டேனியலைச் சேர்ப்பதில்லை. அவர் எடுத்தது 'அவங்க படம்'. கேரள அரசுக்கோ அவர் 'அவங்க ஆள்'.

அங்கீகாரம் எப்போது வந்தது?

டேனியலைத் தேடிக் கண்டுபிடித்து, இவர்தான் முதல் ஆள் என்று தொடர்ந்து எழுதியவர் சினிமா வரலாற்றாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன். ஆனால் டேனியல் 1975 ஏப்ரல் 27-ல் வறுமையில் இறந்தார். விருது வந்தது அதற்கு 17 வருஷம் கழித்து.

2013-ல் கமல் இயக்கி (நம்ம கமல்ஹாசன் இல்லை, மலையாள இயக்குநர்) பிருத்விராஜ் நடித்த 'செல்லுலாய்டு' வந்தது. சேலங்காட்டு எழுதிய வாழ்க்கை வரலாறும், ரோசியைப் பற்றி வினு ஆபிரகாம் எழுதிய 'நஷ்ட நாயிகா' நாவலும் அதற்கு அடிப்படை. கேரள மாநிலத்தின் சிறந்த பட விருது அதற்குக் கிடைத்தது. ரோசியின் பெயரில் மலையாள சினிமாவின் பெண் கலைஞர்கள் 2019-ல் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். சென்னையில் பா.ரஞ்சித்தின் நீலம் அமைப்பு அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10-ல் கூகுள் டூடுலிலும் அவர் வந்தார்.

பாலக்காடு, இடுக்கித் தமிழர்களுக்கு இதில் என்ன இருக்கு?

டேனியலிடம் கேட்கப்பட்ட கேள்வி, அங்கே இன்னும் படிவங்களில் இருக்கிறது. தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. மொழிக்கு இடம் இருக்கிறது. ஆனால் 'எந்த ஊர்' என்ற கேள்விக்கு ஆவணம் வேண்டும். பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு, 1950-ல் உங்கள் முன்னோர் எந்த மாநிலத்தில் இருந்தார்கள் என்று காட்ட வேண்டும். எஸ்டேட் லயத்தில் பிறந்து லயத்திலேயே இறந்த தாத்தாவுக்கு எந்த ஆவணத்தைத் தேடுவது? தேவிகுளத்தில் வென்ற ஏ.ராஜாவின் தேர்தல் வழக்கில் அவருடைய மதம் பற்றிய கேள்வியோடு இந்தக் கேள்வியும் வந்தது. 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் அவர் வெற்றியை ரத்து செய்தது, 2025-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து வெற்றியை உறுதி செய்தது. சட்டமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால், கல்லூரி சீட்டுக்கு அலையும் பிள்ளைகள் பாடு சொல்லவே வேண்டாம்.

டேனியலைத் 'தமிழர்' என்று நாம் இப்போது உரிமை கொண்டாடுவது எளிது. ஆனால் அவரைத் தொலைத்ததும் 'நம்ம ஆளா, அவங்க ஆளா' என்ற இதே கேள்விதான். அவர் படத்தில் ஒரு குடும்பம் தன் பிள்ளையை முதுகுத் தழும்பை வைத்துக் கண்டுகொண்டது. டேனியல் ஆபீஸுக்குப் போனபோது கேட்டது முகவரியை.