வெயிலை மருந்தாக நம்பிய காலம்

செஞ்சிக்கு இன்னும் ரயில் வரவில்லை. ரயிலில் சென்னை போக நினைப்பவர்கள் பஸ்ஸில் திண்டிவனம் வந்துதான் ஏற வேண்டும். அந்த ரயில் தாம்பரத்தை விட்டுக் கிளம்பிய சில நிமிடங்களில் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பலகை ஜன்னலைக் கடந்துபோகும். சித்திரை மாதத்தில் செஞ்சிக்கோட்டையின் ராஜகிரிப் பாறை எப்படிக் கொதிக்கும் என்று அறிந்த செஞ்சிக்காரர்களுக்கு, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் படுக்கை போட்டு நோயைக் குணமாக்கப் பார்த்த ஒரு காலம் இருந்தது என்பது நம்புவதற்குச் சற்று கடினம்தான். ஆனால் அந்த நிலையம் பெயர் பெற்றது அப்படி ஒரு மருத்துவமனையால்தான்.

அதை நிறுவியவர் டாக்டர் டேவிட் சவரிமுத்து. இங்கிலாந்தில், சாமர்செட் பகுதியின் மெண்டிப் குன்றுகளில் காசநோய்க்கென்று சானடோரியம் நடத்தியவர் அவர். சுத்தமான காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, திறந்த ஜன்னல்கள். அன்றைக்கு எலும்புருக்கி நோய்க்கு உலகம் முழுவதும் தரப்பட்ட வைத்தியம் இவ்வளவுதான். கணிதமேதை ராமானுஜன் 1917இல் உடல் நலிந்தபோது சில காலம் தங்கியதும் சவரிமுத்துவின் மெண்டிப் இல்லத்தில்தான். பின்னர் தாயகம் திரும்பிய சவரிமுத்து, 1928இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தாம்பரத்தில் தம் சானடோரியத்தைத் திறந்தார். 1937இல் அது சென்னை மாகாண அரசின் கைக்கு வந்தது.

இந்த வெளிச்ச வைத்தியத்தின் பின்னால் இருந்தது வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. சூரிய ஒளி பாக்டீரியாவைக் கொல்லும் என்பதை டவுன்ஸ், பிளன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1877இலேயே காட்டியிருந்தார்கள். காசநோய்க் கிருமியை 1882இல் கண்டறிந்த ராபர்ட் கோக்கும், அந்தக் கிருமி வெயிலில் மடிகிறது என்று அறிவித்தார். கோபன்ஹேகனில் நீல்ஸ் ஃபின்சன், தோலில் வரும் காசநோய்க்கு வில்விளக்கின் ஒளியைக் குவித்துச் செலுத்தி, முகம் சிதைந்து வீட்டுக்குள் ஒளிந்துகிடந்தவர்களைத் தெருவில் நடக்க வைத்தார். 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லேசான் மலையூரில் ஆகுஸ்ட் ரோலியே, எலும்பிலும் மூட்டிலும் காசநோய் கண்ட குழந்தைகளைப் பனிக்கு நடுவே வெயிலில் படுக்க வைக்கத் தொடங்கினார். முதல் நாள் பாதத்துக்கு மட்டும் சில நிமிடம் வெயில், அடுத்தடுத்த நாட்களில் முழங்கால், தொடை என்று படிப்படியாக ஏற்றுவது அவர் முறை. நுரையீரல் காசத்துக்கு நேர் வெயில் ஆகாது என்று எச்சரித்த மருத்துவர்களும் அன்று இருந்தார்கள்.

இந்த மோகத்தின் உச்சத்தைப் பார்க்க குஜராத்தின் ஜாம்நகருக்குப் போக வேண்டும். கிரிக்கெட் வீரராகப் புகழ்பெற்ற ரஞ்சித்சிங்ஜிதான் அன்று அங்கிருந்த சமஸ்தானத்தின் மன்னர். பிரான்சின் டாக்டர் ழான் சைத்மான் வகுத்த திட்டப்படி 1930களில் அங்கே ஒரு கோபுரம் எழுந்தது. அதன் உச்சியிலிருந்த சிகிச்சை அறைகள், நாள் முழுவதும் சூரியனை நோக்கியபடியே மெல்லச் சுழன்றன.

பிறகு மருந்துகள் வந்தன. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், 1952இல் ஐசோனியசிட். இனி சானடோரியம் எதற்கு என்ற கேள்வி தானாகவே எழுந்தது. அதற்குப் பதில் சொன்ன ஊர் லண்டனும் அல்ல, பாரிஸும் அல்ல. சென்னை.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை கைகோத்த முயற்சி அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதை வழிநடத்தினார். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ இருநூறு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம்: நல்ல சாப்பாடு, ஓய்வு, தாதியர் கவனிப்பு. மறுபாதி, நெரிசலான தங்கள் ஒற்றை அறை வீட்டிலேயே இருந்துகொண்டு அதே மாத்திரைகளை ஓராண்டுக்கு விழுங்கியது. வீட்டிலிருந்தவர்களுக்கு உணவு குறைவு, வேலை அதிகம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. ஆனால் நோய் அடங்கியதில் இரு பாதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டோடு வைத்தியம் பார்த்ததால் உடனிருந்தவர்களுக்குத் தொற்று அதிகரிக்கவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையையே திருப்பிப் போட்டது. பணக்கார நாடுகளின் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தமிழ்நாட்டின் மருத்துவ வரலாற்றில் இதற்கு இணையான சாதனைகள் சிலவே.  அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே சேத்துப்பட்டில் இயங்குகிறது.

காசநோயில் ஒளி பின்வாங்கிய அதே பத்தாண்டில் வேறொரு வாசல் வழியாக அது மருத்துவமனைக்குள் திரும்ப வந்தது. மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தையை இளவெயிலில் காட்டுவது நம் ஊர்களில் பாட்டிமார் சொல்லிவரும் வழக்கம். செஞ்சித் தெருக்களிலும் அதைப் பார்க்கலாம். 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் வார்டு என்ற தாதி, குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவார். ஒருமுறை ஒரு குழந்தையின் உடலில் வெயில் பட்ட இடம் வெளுத்தும், துணி மூடியிருந்த இடம் மஞ்சளாகவும் இருந்ததை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். அங்கிருந்து தொடங்கிய ஆய்வின் முடிவு 1958இல் லான்செட் இதழில் வந்தது. நீல ஒளி, தோலுக்கடியில் தேங்கிய பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியின் வடிவத்தை மாற்றி, உடல் அதை எளிதில் வெளியேற்ற வழிசெய்கிறது. இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் எரியும் நீல விளக்குகள் அதன் வாரிசுகள். காமாலை அளவு ஏறிய குழந்தைக்கு இளவெயில் போதாது. அந்த விளக்கின் அடியில் கிடத்தினால்தான் பிலிரூபினிடமிருந்து மூளை தப்பும்.

ஒளி வைத்தியத்தின் அடுத்த வடிவமான குறைவீச்சு லேசரின் கதை 1967இல் புடாபெஸ்டில் தொடங்குகிறது. எண்ட்ரே மெஸ்டர் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், லேசரால் புற்றுக்கட்டியைக் கரைக்க முடியுமா என்று எலிகளிடம் சோதித்தார். அவர் கருவியின் ஒளி மிகவும் பலவீனமானது, கட்டி கரையவில்லை. ஆனால் மழித்த முதுகில் ஒளி பட்ட எலிகளுக்கு மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் முடி வளர்ந்தது. திசுவைச் சுடாமல், வெட்டாமல், செல்லைத் தூண்ட மட்டும் செய்யும் குறைவீச்சு லேசர் சிகிச்சைக்கு அதுவே பிள்ளையார் சுழி. சிவப்பும் அகச்சிவப்பை ஒட்டிய ஒளியும் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதியால் உறிஞ்சப்பட்டு ஆற்றல் உற்பத்தியைக் கூட்டுகின்றன என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அளவு குறைந்தால் பயன் இல்லை. கூடினால் பயன் தலைகீழாகிறது.

இந்தச் சிகிச்சை மூட்டுவலி முதல் வழுக்கை வரை பலவற்றைக் குணமாக்கும் என்று சொல்லப்படுகிறது. ஆய்வு முடிவுகளோ நோய்க்கு நோய் மாறுகின்றன. பிசியோதெரபி மையத்தில் லேசர் வைக்கச் சொன்னால், எந்த நோய்க்கு, எத்தனை முறை, வைக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. சேத்துப்பட்டில் கேட்ட கேள்வியும் இதே ரகம்தான்.

அந்தக் கேள்விக்கு லேசர் உறுதியாகப் பதில் சொல்லியிருப்பது வாய்ப்புண்ணில். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது, நம் மக்கள் மொழியில் 'கரண்ட் வைக்கும்போது', வாயின் உட்தோல் வெந்து புண்ணாகிவிடும். எச்சில் விழுங்குவதே வேதனை. புண் முற்றினால் கதிர்வீச்சையே இடையில் நிறுத்தவும் நேரும். அந்த இடைவெளி கட்டிக்குச் சாதகம். ஒப்பீட்டு ஆய்வுகள் பலவற்றைச் சீர்தூக்கிப் பார்த்த பிறகு, இந்தப் புண்ணைத் தடுக்கக் குறைவீச்சு லேசரைப் பயன்படுத்தலாம் என்று சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பும் 2018இல் அதற்கு ஒப்புதல் தந்தது. புகையிலையும் வெற்றிலைப் பாக்கும் வாய்ப்புற்றைப் பெருக்கியிருக்கும் இந்தியாவுக்கு இது மிக முக்கியமான செய்தி. செஞ்சிப் பக்கத்து நோயாளிகள் பலர் கதிர்வீச்சுக்காகப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போகிறார்கள். ஆறேழு வாரம் நீளும் அந்தச் சிகிச்சையில், ஒவ்வொரு நாளும் லேசருக்குச் செலவாவது சில நிமிடங்கள். அதனால் கஞ்சியாவது தொண்டையில் இறங்கினால், மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு செலுத்த வேண்டிய நிலை பலருக்கு வராது.