பெரியப்பா நடிக்கவில்லை

 

1983இல் எங்கள் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் கணீரென்று இருந்தது. பழவேற்காடு ஏரியில் தூரத்தில் தெரியும் படகைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர், தார் பூசுவதற்காகக் கவிழ்த்துப் போட்டிருந்த தன் படகையே காட்டி, "அது என்ன மேடு?" என்று கேட்டார். நிமிர்த்தி வைத்ததும், "நம்ம படகுதானே" என்றார். பெரியம்மாவை அலைக்கழிக்க நடிக்கிறார் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். ஆசிரியப் பயிற்சி முடித்திருந்த நானும் நம்பினேன்.

கண் தெரிந்தும் பொருள் புரியாத நிலையை ஜெர்மன் மருத்துவர் லிசாவர் 1890லேயே எழுதிவிட்டார். அவர் கண்டது 80 வயது வியாபாரி ஒருவரிடம். அடுத்த வருடமே ஃப்ராய்டு (ஆமாம், கனவுகளைப் பற்றி எழுதிய அதே ஃப்ராய்டுதான்) 'அக்னோசியா' என்ற சொல்லைத் தந்தார். 1973இல் எலிசபெத் வாரிங்டனும் டெய்லரும், மூளையில் அடிபட்டவர்களிடம் சாதாரணப் பொருள்களின் படங்களைக் காட்டினார்கள். வலது மூளையின் பின்பகுதி கெட்டவர்கள், வழக்கமான கோணத்தில் எடுத்த படத்தைப் பார்த்து சரியாகச் சொன்னார்கள். வழக்கமில்லாத கோணத்தில் அதே பொருளைக் காட்டினால் தடுமாறினார்கள். இடது கையை ஆள்வது வலது மூளை. பெரியப்பாவின் படகுக்கு விடை, பத்து வருடம் முன்பே அச்சில் இருந்திருக்கிறது. எங்கள் குப்பத்துக்குத்தான் வந்து சேரவில்லை.

இதையெல்லாம் இப்போது தேடிப் படிக்கக் காரணம் என் பயம்தான். எனக்கு 64 ஆகிறது. போன மாதம் அணியம் என்னைப் பார்த்தபடி நேரே வந்த படகு, ஒரு நொடி எனக்குப் படகாகவே தெரியவில்லை. நமக்கும் அதுவோ என்று உள்ளங்கை வியர்த்துவிட்டது.

பிறகு படித்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது. இளையவர்கள் பெரும்பாலும் மூளையின் ஒரு பக்கத்தால் செய்யும் சில வேலைகளுக்கு, முதியவர்கள் முன்மூளையின் இரண்டு பக்கத்தையும் கூப்பிடுகிறார்களாம். 2002இல் ராபர்ட்டோ கபேசா இதைத் தொகுத்து எழுதினார். 2004இல் டெனிஸ் பார்க் குழுவினர், முகம், இடம், நாற்காலி என்று தனித்தனியே பார்க்கும் மூளைப் பகுதிகளின் வேறுபாடு வயதானால் மங்குவதைக் காட்டினார்கள். ஒரு நொடித் தாமதம் வேறு, பெரியப்பாவுக்கு வந்தது வேறு.

பெரியம்மாவுக்கு இப்போது 88. போன வாரம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காயப்போட்ட கருவாட்டைத் திருப்பிக்கொண்டே கேட்டார். கடைசியில், "அந்தப் படகை அன்னைக்கே நிமித்திக் காட்டியிருந்தா சண்டையே இல்லையேடி" என்றார்.