மேளத்துக்கு ஒரு மனசாட்சி, நிலத்துக்கு ஒரு மனசாட்சி

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை ரொம்ப யோசிக்க வச்சது. "ஒழுக்கம், பக்தி, பரிசுத்தம்னு பேசுற கிறிஸ்தவங்க, அதுக்கு நேர் எதிரா இருக்கிற தலைவர்களுக்கு எப்படி ஆதரவு தர்றாங்க?" கேட்டவர் அமெரிக்காவை மனசுல வச்சுதான் கேட்டிருந்தார். அவ்வளவு தூரம் போகவேண்டாம். செங்கல்பட்டிலேயே இதுக்கு இருநூறு வருஷக் கதை இருக்கு.

மதுராந்தகத்துல ஏரிகாத்த ராமர் கோயில் எல்லாருக்கும் தெரியும். ஏரி உடையப் போற ராத்திரியில ராமரும் லட்சுமணரும் கரைமேல காவல் நின்னதைப் பார்த்ததா சொல்லப்படுற வெள்ளைக்காரக் கலெக்டர் லயோனல் பிளேஸ். தரிசனம் ஐதீகம், ஆள் நிஜம். 1794 முதல் 1798 வரை கும்பினியின் ஜாகீருக்கு, அதாவது இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக்கெல்லாம், அவர்தான் கலெக்டர். கோயில் நிர்வாகத்தைக் கையில எடுத்தார், திருவிழாக்கள் நல்லா நடக்கணும்னு அக்கறை காட்டினார். பக்தியா? கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனா கோயில் நடந்தா ஊர் அடங்கும், ஊர் அடங்கினா வரி வரும். கும்பினிக்குத் தெரிஞ்ச வேதம் அதுதான்.

இந்த ஏற்பாடு மதராஸ்ல இருந்த தீவிர கிறிஸ்தவர்களுக்குப் பொறுக்கல. 1836-ல பாதிரியார்கள், சிவில் அதிகாரிகள், ராணுவ அதிகாரிகள்னு 200-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டு அரசுக்கு ஒரு மனு கொடுத்தாங்க. கோயில் விழாவுக்கு ராணுவ மரியாதை ஏன்? பட்டாளத்து வாத்தியம் சாமி ஊர்வலத்துல ஏன் முழங்கணும்? இதுக்கெல்லாம் கிறிஸ்தவ அதிகாரிகளை ஏன் அனுப்புறீங்க? சென்னையின் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் கோரி அந்த மனுவை அரசுக்கு அனுப்பி வச்சார். அரசு அவரையே கண்டிச்சது. 1838-ல மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி சர் பெரெக்ரின் மெய்ட்லண்ட் இதே விஷயத்துக்காகப் பதவியையே ராஜினாமா பண்ணினார். பெரிய சம்பளம், பெரிய பதவி. அதைத் தூக்கிப் போட ஒரு தைரியம் வேணும், அதை நான் மறுக்கல.

ஆனா இந்த மெய்ட்லண்டோட பழைய கதையைத் தேடிப் பார்த்தா தலை சுத்துது. 1818 முதல் 1828 வரை கனடாவுல, அப்போ மேல் கனடான்னு சொல்லப்பட்ட மாகாணத்துல, துணை ஆளுநரா இருந்தார். ராபர்ட் கோர்லேன்னு ஒருத்தர் ஜனங்களைக் கூட்டி, நில நிர்வாகம் சரியில்லைன்னு மனு எழுத வச்சார். மெய்ட்லண்ட் காலத்துல அந்த மாதிரிக் கூட்டங்களுக்கே தடைச் சட்டம் வந்தது; 1819-ல கோர்லேயை நாடு கடத்தினாங்க. கனடாவுல மனு எழுதினவனுக்கு நாடு கடத்தல். மதராஸ்ல இவருக்குப் பிடிச்ச மனுவுக்காக ராஜினாமா! அப்புறம் தென்னாப்பிரிக்காவுல கேப் காலனி ஆளுநரா உட்கார்ந்தார். 1846-ல கோசா மக்கள்மேல நடந்த போர் அவர் ஆட்சியிலதான் தொடங்குச்சு.

சரி, அந்த மனு கொடுத்த அதே வருஷம் செங்கல்பட்டு கிராமங்கள்ல என்ன நிலைமை? நிலம் மிராசுதார் கையில. உழுதவங்க பெரும்பாலும் பறையர்கள். அதுல பலர் பரம்பரை அடிமைகள். பிரிட்டிஷ் பேரரசுல அடிமை முறையை ஒழிச்ச 1833-ஆம் வருஷச் சட்டம் கிழக்கிந்தியக் கும்பினியின் பகுதிகளுக்குப் பொருந்தாதுன்னு அதுலயே எழுதியிருந்தாங்க. லண்டன் தேவாலயங்கள்ல விடுதலைக்கு ஸ்தோத்திரம் பாடினப்போ, இங்க அடிமை அடிமையாத்தான் இருந்தான். அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாதுன்னு சட்டம் வர 1843 ஆச்சு.

இங்கதான் எனக்கு உறுத்துது. 1836 மனுவோட மையக் கவலை "எங்க கை அசுத்தம் ஆகக் கூடாது" என்பது. அடுத்தவன் முதுகு பத்தி இல்ல. எல்லா மிஷனரியும் அப்படின்னு சொல்லிட முடியாது. 1847-ல திருவிதாங்கூர் மிஷனரிகள் அடிமைகளை விடுதலை செய்யச் சொல்லி மகாராஜாவுக்கே மனு கொடுத்தாங்க. ஆக, அந்தக் காலத்துக்கு அது தெரியாதுன்னு சால்ஜாப்பு சொல்ல முடியாது.

செங்கல்பட்டிலேயும் அப்படி ஒருத்தர் வந்தார், ஆனா அரை நூற்றாண்டு கழிச்சு. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ. பறையர்களுக்கு நிலம் வேணும்னு விடாம எழுதினார். 1891-ல கலெக்டர் ட்ரெமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களைப் பத்தி ஒரு அறிக்கை கொடுத்தார்: குடியிருக்கிற மனை கூட மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினா வெளியே போகணும். அதை எதிர்த்து மல்லுக்கு நின்னது வருவாய் வாரியம். அந்த வாரியத்தின் துரைமாரும் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனவங்கதான். கடைசியில 1892 செப்டம்பர் 30 அரசாணை வந்தது. நாம பஞ்சமி நிலம்னு சொல்றது அங்கிருந்து தொடங்குது.

இப்போ நம்ம காலம். 2002 அக்டோபர்ல ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அந்த மாசமே தமிழ்நாடு முழுக்க சிறுபான்மைக் கல்வி நிறுவனங்கள் மூடப்பட்டன, உண்ணாவிரதம் நடந்தது. நியாயமான போராட்டம். 2004 மக்களவைத் தேர்தல்ல அ.தி.மு.க.வுக்கு ஒரு தொகுதி கூடக் கிடைக்கல. அதே மே மாசம் சட்டத்தைத் திரும்பப் பெறுற முடிவு வந்தது. அப்புறம் 2011-ல மறுபடி ஆட்சி, ஜெருசலேம் யாத்திரைக்கு மானியம், கட்சி சார்பா கிறிஸ்துமஸ் கேக். கணக்கு நேராகிடுச்சு. தி.மு.க. மேடையிலும் அதே கேக்தான், கத்தி மட்டும் வேற.

ஆனா அந்தக் கணக்குல ஒரு வரி விட்டுப் போச்சு. 2002-க்கு எட்டு வருஷம் முன்னாடி, அதே முதல்வரின் முதல் ஆட்சி. மாமல்லபுரத்துக்குப் போற வழியில, என்னை மாதிரி ஐ.டி. ஆட்கள் வேலை பார்க்கிற ஓ.எம்.ஆர். பக்கத்துல, காரணைன்னு ஒரு ஊர். அங்க கைமாறிப் போன பஞ்சமி நிலத்தை மீட்கணும்னு தலித் மக்கள் போராடினாங்க, நிலத்துல அம்பேத்கர் சிலை வச்சாங்க. சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10, செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமா வந்தவங்கமேல போலீஸ் சுட்டது. சேசு சபைப் பாதிரியார்கள் சிலர் இந்த நிலப் போராட்டங்கள்ல கூடவே நின்னாங்க, அதையும் சொல்லணும். அந்த வாரம் எத்தனை கான்வென்ட் கதவை மூடுச்சுன்னு மட்டும் உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

செத்தது ரெண்டு பேர். ஒருத்தர் பேரு ஏழுமலை. இன்னொருத்தர் பேரு ஜான் தாமஸ்.